ஸ்போர்ட்ஸ் டேக்கு சின்னப் பிள்ளைங்களுக்கு எந்தப் பாட்டு? குத்துப் பாட்டா, பாப்பா பாட்டா, பூப்பறிக்க வருகிறோமா?

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்ததும் எங்க ஸ்டாஃப் ரூம்ல வர்ற முதல் பேச்சு இதுதான், ஸ்போர்ட்ஸ் டேக்கு எந்த கிளாஸுக்கு என்ன பாட்டு. நான் விருதுநகர் பக்கம் ஒரு நர்சரி பிரைமரி ஸ்கூல்ல பதினாலு வருஷமா சின்ன கிளாஸ் எடுக்கிறேன், எல்கேஜில இருந்து ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் எல்லாத்துக்கும் ட்ரில்லும் டான்ஸும் பழக்கியிருக்கேன். இந்த வருஷம் யுகேஜில நாப்பது பிள்ளைங்க. மீட்டிங்ல நாலஞ்சு ஐடியா வந்துச்சு, போன வருஷம் ஹிட்டான சினிமாப் பாட்டு, தேசபக்திப் பாட்டு, ரைம்ஸ், பாரதியார் பாட்டு, அப்புறம் நான் சொன்ன நம்மூர் விளையாட்டுப் பாட்டு. ஒவ்வொண்ணையும் கிரவுண்டுல ஆட வச்சுப் பாத்ததை வச்சு எழுதுறேன், இதே முடிவை எடுக்க வேண்டிய டீச்சருங்க இந்த மாசம் நெறைய பேர் இருப்பீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். ஆனுவல் டேக்கு நல்லா வந்த பாட்டு ஸ்போர்ட்ஸ் டேக்கு நல்லா வரும்னு நெனைக்கிறோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. ஆனுவல் டே மேடை, பிள்ளை முகம் தெரியும், லைட் இருக்கு, பத்தடியில பாக்ஸ் இருக்கு, பன்னெண்டு பிள்ளைங்கதான் ஆடும். ஸ்போர்ட்ஸ் டே திறந்த கிரவுண்டு, பந்தல்ல உக்காந்திருக்கிற அம்மா அப்பாவுக்கு முப்பது நாப்பது மீட்டர் தள்ளி பிள்ளைங்க நிக்குது, முகமும் கண்ணும் விரலும் எதுவும் தெரியாது, கை முழுசா வீசுறது, குதிக்கிறது, வரிசை முன்ன போய் பின்ன வர்றது, இது மட்டும்தான் தெரியும். அதனால கிரவுண்டுக்கு பாட்டு எடுக்கும்போது முதல் கேள்வி, இந்தப் பாட்டுல வரிசை நகர்றதுக்கு இடம் இருக்காங்கிறதுதான். பாட்டு அழகா இருக்கா, ட்ரெண்டா இருக்கா அதெல்லாம் அப்புறம்.

ரெண்டாவது விஷயம் சத்தம். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர் போகும்னு நாமளே அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கிறோம், ஆனா கிரவுண்டுல அதை மறந்துடுறோம். மேடை பக்கத்துல ஸ்பீக்கர், கடைசி வரிசை அறுபது மீட்டர் தள்ளி நின்னா பாட்டு அந்தப் பிள்ளைங்க காதுக்கு கிட்டத்தட்ட 0.18 செகண்ட் லேட்டாதான் போய்ச் சேரும். சின்ன விஷயம்னு தோணும். ஆனா நிமிஷத்துக்கு 120 தட்டு இருக்கிற பாட்டுல ஒரு தட்டுக்கு அரை செகண்டுதான், அதுல மூணுல ஒரு பங்கு போயிடுது. 150 தட்டுல ஓடுற வேகமான குத்துப் பாட்டுன்னா ஒரு தட்டு 0.4 செகண்ட், கிட்டத்தட்ட பாதி தட்டு தள்ளிப் போயிடும். முன் வரிசை கை தூக்கும்போது பின் வரிசை கை இறக்கிக்கிட்டு இருக்கும், பாக்கிறவங்க "பிள்ளைங்களுக்கு சரியா பழக்கலை"ன்னு சொல்லுவாங்க, பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டினா சரியாயிடும்னு ஒரு தடவை கட்டிப் பாத்தோம், இன்னும் மோசம், நடுவுல நிக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் பாட்டு ஒண்ணா கேக்கும், ஓரத்துல நிக்கிற பிள்ளைக்கு ஒரே தட்டு ரெண்டு தடவை கேக்கும். இதுக்கு வழி, பிள்ளைங்களை கிரவுண்டோட ஆழத்துக்கு நிறுத்தாம அகலமா ரெண்டு மூணு வரிசையா ஸ்பீக்கருக்கு கிட்டக்க நிறுத்துறது, கூடவே ரொம்ப வேகமான பாட்டை விட்டுடுறது.

அதுக்காக ஆமை வேகப் பாட்டும் கூடாது. சின்னப் பிள்ளைங்களை சும்மா மேஜையில தாளம் தட்டச் சொல்லிப் பாருங்க, பெரியவங்களைவிட வேகமாத்தான் தட்டும், அது அவங்க உடம்போட இயல்பு. மெதுவான பாட்டுக்கு அவங்களால காத்திருக்க முடியாது, நீங்க நாலு எண்ணுறதுக்குள்ள அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடும். என் அனுபவத்துல யுகேஜி, ஒண்ணாங்கிளாஸுக்கு 110ல இருந்து 125 வரைக்கும் நல்லா உக்காருது. இதைக் கண்டுபிடிக்க ஆப் எல்லாம் வேணாம், 15 செகண்டுக்கு பாட்டோட சேந்து கை தட்டி எண்ணுங்க, நாலால பெருக்குங்க, 30 வந்தா 120.

சரி, இப்ப சினிமாப் பாட்டுக்கு வருவோம், எல்லா ஸ்கூல்லயும் சண்டை இதுலதான். இதுக்கு ஆதரவா பேசுறவங்க சொல்றதுல நியாயம் இருக்குங்க, பிள்ளைக்கு பாட்டு ஏற்கெனவே தெரியும், கேட்ட உடனே உடம்பு ஆடும், கூச்சப்படுற பிள்ளை கூட வீட்ல டிவி முன்னாடி ஆடிப் பழகின பாட்டுன்னா தைரியமா நிக்கும், அம்மா அப்பா கைதட்டுவாங்க. இதெல்லாம் உண்மை. நானும் முதல் அஞ்சாறு வருஷம் அதான் எடுத்தேன்.

ஆனா போகப் போக ஒண்ணு புரிஞ்சுச்சு. சினிமாவுல டான்ஸ் தொடர்ச்சியா வராது, ரெண்டு செகண்டுக்கு ஒரு ஷாட் மாறும், ஒரு ஷாட்ல இடுப்பு, ஒரு ஷாட்ல கால், ஒரு ஷாட்ல ஹீரோ முகம், நடுவுல எல்லாரும் ஞாபகம் வச்சுக்கிற ஒரே ஒரு ஸ்டெப் இருக்கும். பிள்ளைக்கு "பாட்டு தெரியும்"னு நாம நெனைக்கிறது அந்த ஒரு ஸ்டெப்பைத்தான். பல்லவி வந்தா நாப்பது பிள்ளையும் பிரமாதமா அதைப் போடும், சரணம் வந்ததும் நாப்பது தலையும் டீச்சர் பக்கம் திரும்பிடும். ரெண்டரை நிமிஷ ஐட்டத்துல அந்த ஸ்டெப் முப்பது செகண்ட், மீதி ரெண்டு நிமிஷம் பிள்ளைங்க என்னையேதான் பாத்துக்கிட்டு நிக்கும். நான் அவங்களுக்கு எதிர்ல வலது கை தூக்கினா பாதி பேர் வலது, பாதி பேர் இடது.

அப்புறம் வார்த்தை. இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். குடிக்கிறது, பொண்ணு பின்னாடி சுத்துறது, ரெட்டை அர்த்தம் இதெல்லாம் இருக்கிற பாட்டை அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு மாசம் தினமும் முப்பது தடவை போட்டுக் காட்டி பழக்கிறோம், அந்த வார்த்தைகளை ஸ்கூலே உக்காந்து பாடம் நடத்துற மாதிரி ஆயிடுது. ஒரு வருஷம் யுகேஜி பொண்ணு ஒருத்தி பிராக்டிஸ்ல வந்து பாட்டுல இருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, அவளுக்கு நான் என்ன சொல்ல முடியும், அன்னைக்கே அந்தப் பாட்டை மாத்தினேன், ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒன்பது நாள்தான் இருந்துச்சு. அதுல இருந்து எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு பழக்கம், எந்தப் பாட்டா இருந்தாலும் மெட்டு இல்லாம முழுப் பாட்டையும் உரைநடை மாதிரி சத்தமா வாசிக்கணும், எல்லாரும் கேக்கணும். மெட்டோட கேக்கும்போது காதுல விழாத வார்த்தையெல்லாம் அப்ப விழும். வாசிக்கிறவங்க ஒரு வரியில தயங்குனாங்கன்னா அந்தப் பாட்டு வேணாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியுறதில்ல, புதுப் பாட்டுங்க ஹெட்போனுக்கும் பெரிய தியேட்டர் ஸ்பீக்கருக்கும் கலக்கினது, அடி எல்லாம் ரொம்ப கீழ்ச் சத்தத்துல இருக்கும். நம்ம கிரவுண்டுல மைக் செட் அண்ணன் வேப்ப மரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல அந்தக் கீழ்ச் சத்தம் வரவே வராது. தாளமே காணாமப் போய் வெறும் குரலும் கீச்சுன்னு ஏதோ வாத்தியமும்தான் கேக்கும், பிள்ளை எதைப் பிடிச்சு ஆடும்? இதே குழாயில நாதஸ்வரம், தவில், பறை இருக்கிற பாட்டைப் போட்டுப் பாருங்க, தெருக்கோடி வரைக்கும் கணீர்னு போகும், திறந்த வெளிக்குன்னே பொறந்த வாத்தியங்க அது. சினிமாப் பாட்டுதான் வேணும்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டா, தவில் இருக்கிறதா பாத்து எடுங்க. நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு சினிமாப் பாட்டு எனக்கு பெரிய ஆட்சேபணை இல்ல, வாசிச்சுப் பாத்து தேறின மூணு பாட்டை நாம குடுத்து அதுல ஒண்ணை அவங்களே ஓட்டுப் போட்டு எடுக்கட்டும். யுகேஜிக்கு வேணாம்.

நல்ல கருத்துப் பாட்டு எடுக்கலாமேன்னு ஒரு கட்சி இருக்கு. 2004ல வந்த ஆட்டோகிராஃப் படத்து "ஒவ்வொரு பூக்களுமே" பாட்டு எத்தனை ஸ்கூல்ல ஓடியிருக்கும்னு கணக்கே இல்ல, எழுதினவருக்கும் பாடினவங்களுக்கும் தேசிய விருது வாங்கிக் குடுத்த பாட்டு, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அது கேக்கிற பாட்டு. அதோட பலம் முழுக்க வார்த்தையிலயும் குரல்லயும் இருக்கு, வேகம் மெதுவு, கிரவுண்டுல யுகேஜி பிள்ளை அதுக்கு கையை இப்படி அப்படி ஆட்டிட்டு நிக்கிறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது. மேடையில எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க பாடட்டும், கண்ணுல தண்ணி வரும்.

தேசபக்திப் பாட்டுக்கு எப்பவும் ஒரு மரியாதை உண்டு, யாரும் குறை சொல்ல மாட்டாங்க, கலர் ரிப்பன் பிடிச்சு ஆடினா தூரத்துல இருந்து பாக்க கண்ணு நெறஞ்சிருக்கும். இதுல ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு நீளம், சுதந்திரப் பொன்விழாவுக்கு 1997ல ஏ.ஆர்.ரகுமான் போட்ட வந்தே மாதரம் மாதிரி பாட்டெல்லாம் மெதுவா ஆரம்பிச்சு மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்குப் போற பாட்டு, சின்னப் பிள்ளை அந்த ஆரம்பத்துல என்ன பண்ணும், மண்ணுல படம் வரைய ஆரம்பிச்சுடும். உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்தா பாட்டோட உசுரு போயிடுது. ரெண்டு, கொடி. யுகேஜி பிள்ளை கையில கொடி குடுத்தா ரெண்டாவது நிமிஷம் அது தரையில கெடக்கும், தேசியக் கொடி தரையில படக்கூடாது, கொடியை இடுப்புக்குக் கீழ உடுப்பா போடக் கூடாதுன்னு இந்தியக் கொடி விதிகள் 2002ல தெளிவா இருக்கு, பிளாஸ்டிக் கொடியும் கூடாது. காவி, வெள்ளை, பச்சைன்னு தனித்தனி துண்டோ ரிப்பனோ குடுத்து மூணு வரிசை ஆக்கிடுங்க, அது போதும். நான் இதை மூணாங்கிளாஸ்ல இருந்துதான் குடுப்பேன், மார்ச் பண்ண வர்ற வயசு அதான்.

ரைம்ஸ் எல்கேஜிக்கு மட்டும். மழலைப் பாட்டுல "கை வீசம்மா கை வீசு" மாதிரி, "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" மாதிரி உடம்பு முழுக்க அசையுறது ரெண்டு மூணு இருக்கு, அது கிரவுண்டுல தெரியும். மத்த ரைம்ஸ் ஆக்‌ஷன் எல்லாம் விரல்லதான் இருக்கு, ஸ்டார் மின்னுறது, மீன் நீந்துறதுன்னு, நாப்பது மீட்டர் தூரத்துல அது யாருக்குத் தெரியும். யூடியூப்ல இருக்கிற ரைம்ஸ் சத்தமும் திறந்த வெளியில ஒட்டவே ஒட்டாது.

இப்ப நான் மனசாரச் சொல்ற பாட்டுக்கு வர்றேன். நாம சின்ன வயசுல தெருவுல விளையாடுனோமே, "பூப்பறிக்க வருகிறோம், பூப்பறிக்க வருகிறோம்"னு ஒரு வரிசை கை கோத்து நாலு அடி முன்ன வந்து பாடும், "எந்த மாதம் வருகிறீர்"னு எதிர் வரிசை நாலு அடி முன்ன வந்து கேக்கும். யோசிச்சுப் பாருங்க, கிரவுண்டுல நமக்கு என்னவெல்லாம் வேணுமோ அத்தனையும் இதுல இருக்கு. வரிசை நகருது, நாம ஃபார்மேஷன் வரைஞ்சு சுண்ணாம்புக் கோடு போட்டு பழக்க வேண்டியதில்ல, பாட்டே அதைப் பண்ண வைக்குது. கை கோத்திருக்கிறதனால எந்தப் பிள்ளையும் தனியா நின்னு முழிக்காது, பக்கத்துல இருக்கிற பிள்ளை இழுத்துட்டுப் போயிடும். ஒரு வரிசை பாடும்போது இன்னொரு வரிசைக்கு ஓய்வு. பாடறது பிள்ளைங்களேங்கிறதால ஸ்பீக்கர் லேட் பிரச்சனையே இல்ல, அவங்க தாளம் அவங்க வாயிலயே இருக்கு.

மூணு வருஷம் முன்னாடி முதல் தடவை இதைப் போட்டேன். "யாரை விட்டுப் பறிக்கிறீர்"னு கேக்கிற இடத்துல விளையாட்டுல ஒரு பேர் சொல்லி இழுப்போம்ல, இழுவைப் போட்டி கிரவுண்டுல வேணாம்னு அதை எடுத்துட்டேன், அதுக்குப் பதிலா ரெண்டு ரெண்டு பேரா பேர் சொல்லி, அந்த ரெண்டு பிள்ளையும் நடுவுல ஓடி வந்து பூவை வாங்கிட்டு மறுபடி வரிசைக்குப் போகணும். நாப்பது பிள்ளைன்னா இருபது ஜோடி, ஒரு ஜோடிக்கு எட்டு எண்ணிக்கை, 120 வேகத்துல நாலு செகண்ட், மொத்தம் எம்பது செகண்டுல எல்லாப் பிள்ளை பேரும் மைக்ல வந்துடுச்சு. என் பிள்ளை பின் வரிசையில நின்னுச்சு தெரியவே இல்லன்னு வருஷா வருஷம் வர்ற வருத்தம் அந்த வருஷம் ஒரு வீட்ல இருந்தும் வரலை. எப்பவும் ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு அழுதுட்டு என் சேலையைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற ஒரு பையன், அவன் பேரை மைக்ல கூப்பிட்டதும் ஜோடிப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினான், நான் அந்த இடத்துல எண்ணிக்கையை விட்டுட்டேன். பந்தல்ல அப்பத்தா, அம்மாச்சி எல்லாம் கூடவே பாடுனாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஸ்கூல் கிரவுண்டுல கேட்டது அதான் முதல் தடவையாம்.

"ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்" இன்னொண்ணு. ரெண்டு பேர் கை தூக்கி வளைவு மாதிரி நிக்க மத்தவங்க ரயில் மாதிரி ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடிச்சு உள்ள பூந்து போகணும். இதை நான் ஐட்டத்தோட கடைசிக்கு வச்சுக்கிட்டேன், ஏன்னா சின்னப் பிள்ளைங்களை கிரவுண்டுல இருந்து வெளியே கொண்டு போறதுதான் பெரிய பாடு, நாலு பேர் நாலு திசையில அம்மாவைப் பாத்து ஓடும். ரயில் வளைவுக்குள்ள பூந்து பூந்து அப்படியே கிரவுண்டை விட்டு வெளியே போயிடும், கடைசிப் பெட்டி போகும்போது கைதட்டல் வரும். ஒரு குடம், ரெண்டு குடம்னு எண்ணிக்கை வேற இருக்கு, எத்தனை குடத்துல நிறுத்தணும்னு நேரத்தைப் பாத்து நாமளே முடிவு பண்ணிக்கலாம், ஓடிக்கிட்டிருக்கிற ரெக்கார்டு பாட்டுல இது முடியுமா?

எல்லா விளையாட்டுப் பாட்டும் சரி வரும்னு சொல்ல மாட்டேன். "குலை குலையா முந்திரிக்கா" அருமையான விளையாட்டு, ஆனா வட்டமா உக்காந்து ஆடறது, பாதி பிள்ளைங்க முதுகுதான் பந்தலுக்குத் தெரியும், நாப்பது பேர் உக்காந்தா தூரத்துல ஒண்ணுமே தெரியாது, அதை கிளாஸ்ல விளையாடட்டும். கோலாட்டம் மூணாங்கிளாஸுக்குக் கீழ வேணாம், குச்சி பக்கத்துப் பிள்ளை விரல்லதான் விழும். கும்மி ஒண்ணாங்கிளாஸுக்கே வரும், கை தட்டுற சத்தமே தாளமா இருக்கிறதால தூரமா நிக்கிற பிள்ளை கூட தாளம் விடாது, ஆனா அதோட தாளம் தக்கிட தக்கிடன்னு மூணு மூணா சுழல்றது, நீங்க ஒன் டூ த்ரீ ஃபோர்னு எண்ணிப் பழக்கினா பிள்ளைங்க கால் பின்னிக்கும். எண்ணாம தட்டிக் காட்டிப் பழக்குங்க.

பாரதியாரோட பாப்பா பாட்டைப் பத்திச் சொல்லாம முடியாது. ஓடி விளையாடச் சொல்லி ஆரம்பிக்கிற பாட்டு, ஸ்போர்ட்ஸ் டேக்கு இதைவிட என்ன வேணும். அதுல குருவி வருது, கோழி வருது, காக்கா, பசு, நாய், குதிரை, மாடு, ஆடுன்னு வரிசையா வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அசைவு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுடும், குருவிக்கு ரெண்டு கையையும் விரிச்சு கிரவுண்டு முழுக்க பறக்கலாம், குதிரைக்கு குதிச்சுக்கிட்டே ஓடலாம், இதெல்லாம் தூரத்துல இருந்தும் நல்லா தெரியும். ஒரே சிக்கல், கெடைக்கிற ரெக்கார்டு பெரும்பாலும் கச்சேரி மாதிரி மெதுவா இழுத்துப் பாடினது, பிள்ளை கால் அதுக்கு நிக்காது. நான் பண்ணது, நாலாங்கிளாஸ் பிள்ளைங்க பத்துப் பேரை வச்சு, எங்க பிடி சார் டிரம்ல 115 வேகத்துல அடிக்க, விலங்கு பறவை வர்ற வரிகளை மட்டும் எடுத்து லைப்ரரி ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு போன்லயே ரெக்கார்டு பண்ணினேன். வேகம் நாம வச்சது, நீளம் நாம வச்சது, அண்ணன் அக்கா குரல்னு சின்னதுங்களுக்கு ஒரு பெருமை வேற.

இதுல காப்பிரைட் விஷயமும் சுலபமாகுது. ஸ்கூல் நிகழ்ச்சியில பிள்ளைங்க, டீச்சருங்க, பெத்தவங்க மட்டும் இருக்கும்போது பாட்டைப் போட்டு ஆடுறதுக்கு 1957 காப்பிரைட் சட்டத்தோட 52ஆவது பிரிவே இடம் குடுக்குது, அதுக்கு பயப்பட வேணாம். ஆனா வீடியோவை யூடியூப்லயோ ஃபேஸ்புக்லயோ ஸ்கூல் பேர்ல போடும்போது கதை வேற, சினிமாப் பாட்டுன்னா சத்தத்தை அணைச்சுடுவாங்க இல்ல கம்பெனி உரிமை கேக்கும். பாரதியார் எழுத்தை 1949லயே அரசாங்கம் வாங்கி நாட்டுடைமை ஆக்கிடுச்சு, யார் வேணாலும் பாடலாம், ஆனா ஒரு கம்பெனி ரெக்கார்டு பண்ண குரல் அந்தக் கம்பெனியோடதுதான், அதனாலதான் நம்ம பிள்ளைங்க குரல்லயே பதிஞ்சுக்கணும்னு சொல்றேன். (பிள்ளைங்க முகம் தெரியுற வீடியோவைப் பொதுவுல போடணுமாங்கிறது தனிக் கேள்வி, பெத்தவங்க கிட்ட எழுதி வாங்காம நாங்க போடுறதில்ல.)

பாட்டே இல்லாம வெறும் தாளத்துல டம்பெல்ஸ் ட்ரில், வளைய ட்ரில் பண்றதும் ஒரு நல்ல வழிதான், ரெண்டாங்கிளாஸுக்கு இந்த வருஷம் அதான். பறையோ ஸ்கூல் பேண்டு டிரம்மோ ஆள் வச்சு நேர்ல அடிச்சா ஒரு பெரிய வசதி, பிள்ளைங்க திரும்புறதுக்கு லேட்டானா அடிக்கிறவர் பாத்துட்டு ரெண்டு தட்டு கூட அடிச்சுக் காத்திருப்பார், பென் டிரைவ்ல ஓடுற பாட்டு யாருக்காகவும் நிக்காது. அழுத்தமா சொல்றேன், திடீர்னு வெடி மாதிரி, விசில் மாதிரி சத்தம் வர்ற பாட்டை எந்த வயசுக்கும் எடுக்காதீங்க, சத்தம் தாங்காத பிள்ளைங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒண்ணு ரெண்டு இருக்காங்க, காதைப் பொத்திட்டு கிரவுண்டு நடுவுல உக்காந்துட்ட பிள்ளையைத் தூக்கிட்டு வந்த அனுபவம் எனக்கு இருக்கு. டிரம்னா அந்தப் பிள்ளையை முன்கூட்டியே டிரம் கிட்டக்க கூட்டிட்டுப் போய் அதுவே ரெண்டு தட்டு தட்டட்டும், பயம் பாதி போயிடும்.

ஆக எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் முடிவானது இது. எல்கேஜி கை வீசம்மா, ஒன்றரை நிமிஷம், முதல் ஐட்டம், ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சுடணும். யுகேஜி பூப்பறிக்க வருகிறோம், முடிவுல ரயில். ஒண்ணாங்கிளாஸ் பாப்பா பாட்டு. ரெண்டு டம்பெல்ஸ். மூணு மூவர்ண ரிப்பன். நாலும் அஞ்சும் அவங்க ஓட்டுப் போட்டு எடுத்த சினிமாப் பாட்டு. ஒரு அப்பா வந்து கேட்டார், எல்லா ஸ்கூல்லயும் புதுப் பாட்டுக்கு பளபளன்னு டிரெஸ் போட்டு ஆடும்போது நம்ம பிள்ளை மட்டும் யூனிஃபார்ம்ல பூப்பறிக்கணுமா மிஸ்னு. அவர் கேட்டதுலயும் ஆசைதான் இருக்கு, தப்பா எடுத்துக்கல. வாடகை டிரெஸ்ஸோட ஜிகினா கழுத்துல உறுத்தி வெயில்ல பிள்ளை சொறிஞ்சுக்கிட்டே நிக்கிறதை அவர் பாத்ததில்ல. யூனிஃபார்ம் மேல மஞ்சள், ஊதா, செவப்புன்னு தலைக்கு ஒரு காகிதப் பூ வைக்கிறோம், அதைப் பிள்ளைங்களே கிராஃப்ட் பீரியட்ல செய்யும்னு சொன்னேன். பிராக்டிஸ் ஒரு நாள் வந்து பாருங்கண்ணேன், வர்றேன்னு சொல்லியிருக்கார்.

ரெண்டு நிமிஷத்துக்கு மேல எந்தப் பாட்டும் வேணாம்னு நான் சொல்வேன், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 120 வேகத்துல ரெண்டு நிமிஷம்னா 240 தட்டு, எட்டு எட்டா பிரிச்சா முப்பது. யுகேஜி பிள்ளைக்கு ஆறு ஏழு ஸ்டெப்புக்கு மேல ஞாபகம் நிக்காது, ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை திருப்பிப் போட்டாலே முப்பது வந்துடுது. நாலரை நிமிஷப் பாட்டை முழுசா போட்டீங்கன்னா பிள்ளைக்கும் சலிக்கும் பந்தலுக்கும் சலிக்கும்.

கடைசியா மைக் செட். ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணாங்கிளாஸ் ஐட்டத்துல போன்ல இருந்து ஒயர் போட்டு பாட்டு விட்டாங்க, வாத்தியம் மட்டும் கேக்குது, குரலைக் காணோம். பிள்ளைங்களுக்கு நான் பாட்டு வார்த்தையை வச்சுத்தான் ஸ்டெப் பழக்கியிருந்தேன், அந்த வார்த்தை வரவே இல்லை, அம்பது பிள்ளையும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, போனோட ஸ்டீரியோ ஒயரை மிக்சர்ல மைக் சொருகுற ஓட்டையில போட்டா ரெண்டு பக்கத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பாட்டுல குரல் எப்பவும் ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கும், அதனால குரல் மட்டும் காணாமப் போயிடும். இப்ப முந்தின நாள் சாயங்காலமே மைக் செட் அண்ணனை வரச் சொல்லி எல்லாப் பாட்டையும் கிரவுண்டு கோடியில நின்னு கேட்டுப் பாத்துடுறோம், ரெண்டு பென் டிரைவ், ஃபைல் பேரு 01, 02ன்னு வரிசையா, போன்தான் வழின்னா ஏரோப்ளேன் மோட்ல. யுகேஜி ஐட்டத்துக்கு மட்டும் பென் டிரைவே வேணாம், ஒரு மைக்கை வரிசைக்கு முன்னாடி தரையில இருந்து மூணடி உயரத்துல ஸ்டாண்டுல வச்சா போதும்.